டூரின் நகரத்துத் தலைவலி

1847இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர், நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையைக் குளிரவைத்து அதில் கிளிசரினைச் சொட்டுச் சொட்டாக விட்டார். எண்ணெய்போல் கனத்த ஒரு திரவம் கிடைத்தது. புதிதாக எதைச் செய்தாலும் ருசி பார்த்து எழுதிவைப்பது அன்றைய வேதியியலாளர்களின் வழக்கம். சொப்ரேரோவும் துளியூண்டு எடுத்து நாக்கில் வைத்தார். சற்று நேரத்தில் நெற்றிப்பொட்டு துடிக்கத் தொடங்கியது, கைகால் தளர்ந்தது, மண்டை பிளக்கிற தலைவலி. அந்தத் திரவம்தான் நைட்ரோகிளிசரின். அது வெடிக்கும் என்பதைத்தான் உலகம் முதலில் பிடித்துக்கொண்டது. ஆல்ஃபிரட் நோபல் அதை வைத்து டைனமைட் செய்து பெரும் பணக்காரரானார். தலைவலி அடிக்குறிப்போடு நின்றுவிட்டது.

அதே டூரினில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, ஆஞ்சலோ மோஸோ என்ற உடலியலாளரிடம் மைக்கேலே பெர்த்தினோ என்ற விவசாயி வந்து சேர்ந்தார். மேலிருந்து விழுந்த செங்கல் அவர் மண்டையோட்டைப் பெயர்த்திருந்தது. காயம் ஆறிய பிறகும் எலும்பு கூடாத இடத்தில், தோலுக்கடியில் மூளை துடிப்பது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. மோஸோ அந்த இடத்தில் ஒரு தகட்டைப் பொருத்தி, அதன் அசைவைக் காற்றுக்குழாய் வழியாக ஒரு முள்ளுக்குக் கடத்தி, சுழலும் உருளையில் கோடாக விழச்செய்தார். இன்னொரு முள் முன்கையின் துடிப்பை வரைந்துகொண்டிருந்தது. ஒருநாள் பதிவு நடந்துகொண்டிருக்கும்போது மாதாகோயில் மணி அடித்தது. மூளையின் கோடு மேலே எழுந்தது; கையின் கோடு அப்படியே கிடந்தது. மணி கேட்டதும் ஜெபம் சொல்லியிருக்க வேண்டுமோ என்று மோஸோ கேட்டார். கோடு மறுபடி எழுந்தது. எட்டுப் பன்னிரண்டு எவ்வளவு என்று கேட்டபோதும் எழுந்தது.

கையின் கோடு அசையவில்லை என்பதுதான் இதில் உயிர்நாடி. இதயம் வேகமெடுத்து உடம்பு முழுக்க ரத்தம் கூடியிருந்தால் கையிலும் தெரிந்திருக்கும். தெரியவில்லை. ஒரு மனிதர் பெருக்கல் கணக்குப் போடும்போது மூளை தன் பங்குக்கு மட்டும் ரத்தத்தைக் கூட்டி வாங்கிக்கொள்கிறது. சொப்ரேரோவின் நாக்கில் பட்ட துளி செய்த வேலையும் பெர்த்தினோவின் மண்டைக்குள் மணியோசை செய்த வேலையும் பெருமளவு ஒரே பொருளின் வேலை என்பது வெளியே தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தப் பொருள் ஒரு வாயு. ஒரு நைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு, அவ்வளவே. நைட்ரிக் ஆக்சைடு.

நம் உடல் எடையில் மூளை 2 சதவீதம். உடம்புக்குள் வரும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே செலவழிக்கிறது. இவ்வளவு செலவாளிக்குச் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கல்லீரலைப்போலச் சர்க்கரையைக் கட்டிவைத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. ரத்தம் அடியோடு நின்றால் பத்துப் பதினைந்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். சரி, எல்லா இடத்துக்கும் எந்நேரமும் தாராளமாக விட்டுவிடலாமே என்றால், மண்டையோடு மூடிய பெட்டி; உள்ளே இடமில்லை. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி பார்க்கிற வேலைதான் இங்கேயும் நடக்க வேண்டும்: கேட்கிற வயலுக்கு மடையைத் திறக்க வேண்டும், போதுமென்றால் அடைக்க வேண்டும், ஏரியின் மட்டமும் இறங்கிவிடக் கூடாது. மூளைக்குள் அந்த நீர்க்கட்டி யார் என்பது கேள்வி.

1890இல் சார்ல்ஸ் ராயும் சார்ல்ஸ் ஷெரிங்டனும் ஒரு பதில் சொன்னார்கள். வேலை செய்யும் மூளைப் பகுதியில் சேரும் கழிவுப் பொருள்களே அங்குள்ள நாளங்களை விரித்துவிடுகின்றன என்பது அவர்கள் ஊகம். கேட்கும்போதே பொருத்தமாகப் படுகிற ஊகம் அது. செலவு நடக்கிறது, கழிவு சேர்கிறது, கழிவே ரத்தத்தை அழைக்கிறது. இப்படிக் கச்சிதமாக அமைந்துவிடும் கருத்துகளை அறிவியலில் அசைப்பதுதான் மிகக் கடினம். அந்தக் கருத்தை ஆட்டம் காணவைத்தது 1980களில் பீட்டர் ஃபாக்ஸும் மார்கஸ் ரெய்ச்சலும் அமெரிக்காவில் எடுத்த அளவுகள். கண்ணுக்கு முன் காட்சி மாறும்போது மூளையின் பார்வைப் பகுதியில் ரத்த ஓட்டம் ஏறத்தாழ 50 சதவீதம் கூடுகிறது. ஆக்சிஜன் செலவோ சுமார் 5 சதவீதம்தான் கூடுகிறது. தட்டுப்பாட்டைப் பார்த்து அனுப்பப்படும் ரத்தமாக இருந்தால் செலவுக்கு ஏற்ற வரவாக இருந்திருக்கும். வருவதோ பத்து மடங்கு. நரம்பணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதே, அந்தப் பேச்சின் பகுதியாகவே நாளங்களுக்கும் சொல்லிவிடுகின்றன என்ற எண்ணம் வலுப்பட்டது இதற்குப் பிறகுதான். என்ன மொழியில் சொல்கின்றன?

இந்த இடத்தில் நரம்பியலை விட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

டைனமைட் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே தலைவலி பிடித்துக்கொள்ளும். நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். இரண்டொரு நாளில் உடம்பு பழகி வலி குறையும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. திங்கள் காலை உள்ளே நுழைந்ததும் மறுபடி முதலிலிருந்து. இந்தத் திங்கட்கிழமைத் தலைவலிக்குத் தொழிலாளர்களே ஒரு கைமருந்து கண்டுபிடித்தார்கள்: தொப்பியின் உள்பட்டையில் கொஞ்சம் நைட்ரோகிளிசரினைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவது. விடுமுறையிலும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. மருந்துக்கு உடம்பு பழகிப்போவதைப் பற்றி மருத்துவக் கல்லூரிகள் பாடம் நடத்துவதற்கு முன்பே அந்த எளிய மனிதர்கள் அதைத் தங்கள் தலையில் வைத்துச் சோதித்து முடித்திருந்தார்கள். இப்படியான அறிவுக்கு ஆசிரியர் பெயர் எதுவும் எஞ்சுவதில்லை.

1879இல் லண்டனில் வில்லியம் மர்ரெல் நைட்ரோகிளிசரினை மார்வலிக்கு மருந்தாகக் கொடுத்து எழுதினார். அதன் உறவுக்கார மாத்திரையை இன்றும் நம் வீடுகளில் சட்டைப் பையிலோ பூஜை அலமாரியிலோ வைத்திருக்கிறோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட். போட்டதும் தலை 'விண்விண்'ணென்று தெறிக்கிறது என்று பெரியவர்கள் சொல்வது சொப்ரேரோ எழுதிவைத்த அதே வலிதான். நோபலுக்கே வயதான காலத்தில் மார்வலி வந்தது. மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தது நைட்ரோகிளிசரின். விதியின் கேலியாக இருக்கிறதே என்று 1896இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி சான் ரெமோவில் இறந்தார். இறந்தது இதயத்தால் அல்ல, மூளை ரத்தக்கசிவால்.

நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகிறது, அதுவே நாளத்தின் தசையைத் தளரச் செய்கிறது என்று 1977இல் ஃபெரித் முராத் காட்டினார். சிலருக்கு வியப்பு, பலருக்கு அலட்சியம். 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி பிரித்தெடுத்த வாயு அது. மின்னலில் பிறக்கும், கார்களின் புகையில் வரும். ஹம்ப்ரி டேவி மூச்சில் இழுத்துப் பார்த்து வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிக்கொண்ட வாயு. (பல் மருத்துவர்கள் கொடுக்கும் சிரிப்பு வாயு வேறு, அது நைட்ரஸ் ஆக்சைடு.) மருந்து அப்படிப்பட்ட வாயுவாக மாறுகிறது என்றால் மாறிவிட்டுப் போகட்டும், உடம்பு தானாகவே அதைத் தயாரிக்கும் என்று யார் நினைப்பார்கள்?

1978இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வகத்தில் ஒரு கைத்தவறு. முயலின் பெருந்தமனியை வளையமாக வெட்டி, உப்புநீர்க் குடுவையில் தொங்கவிட்டு, மருந்தைச் சொட்டினால் அது இறுகுகிறதா தளர்கிறதா என்று பார்ப்பது அங்கே அன்றாட வேலை. அசிட்டைல்கோலின் விட்டால் இறுகும் என்பது அவர் 1950களிலிருந்து கண்டுவந்த உண்மை. அன்று உதவியாளர் சோதனையின் வரிசையை மாற்றிவிட்டார், தமனி தளர்ந்தது. உதவியாளரைக் கடிந்துகொள்ளாமல் ஃபர்ச்காட் ஏன் என்று தேடினார். பழைய நாட்களில் தமனியை நீளப் பட்டையாக நறுக்கும்போது அதன் உள்பக்கம் எதிலாவது உரசிவிடும். உள்பக்கத்தில் ஒரே ஒரு செல்லின் தடிமனில் பூசினாற்போல் இருக்கும் உள்வரிச் செல்கள் அந்த உரசலில் உதிர்ந்துவிடும். செல்கள் உதிர்ந்த தமனி இறுகியது. செல்கள் இருந்த தமனி தளர்ந்தது. கால் நூற்றாண்டாக அவர் தம் கையாலேயே தேய்த்து எறிந்துகொண்டிருந்தது பதிலை.

அந்தச் செல்கள் ஏதோ ஒன்றை வெளிவிடுகின்றன என்று 1980இல் எழுதினார். அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்று 1986இல் அவரும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியே ஒரே கூட்டத்தில் சொன்னார்கள். 1987இல் இங்கிலாந்தில் சால்வடோர் மொன்காடாவின் குழு, வாகனப் புகையில் இந்த வாயுவை அளக்க உதவும் அதே ஒளிர்வு முறையைக் கொண்டு, செல்களிலிருந்து வருவது அதுதான் என்று அளந்து காட்டியது. 1998இல் நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும். ஹோண்டுராஸில் பிறந்த மொன்காடாவின் பெயர் இல்லை. அன்றைக்கு எழுந்த முணுமுணுப்பு இன்னும் அடங்கவில்லை. நியாயமான முணுமுணுப்பு என்றே எனக்குப் படுகிறது. மூன்று நாற்காலிதான் போடுவோம் என்ற விதியை நோபலின் பெயரில் வைத்துக்கொண்டு, நான்காவது ஆளை வாசலில் நிறுத்துவது அந்தப் பரிசுக்குப் பழகிப்போன அநியாயம்.

மூளையின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிறவரோ அந்தப் பட்டியலின் பக்கத்திலேயே வராத ஜான் கார்த்வெய்ட். லிவர்பூலில் சிறுமூளைச் செல்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தவர். குளுட்டமேட் என்ற நரம்புத் தூதுப்பொருள் செல்லைத் தொட்டதும், தமனியைத் தளர்த்துகிற அந்தப் பொருளே அங்கிருந்தும் வெளிவருவதாக 1988இல் தம் குழுவோடு எழுதினார். நாளத்தின் சங்கதி நரம்புக்கும் உரியது என்று தெரிந்தது அப்போது. 1990இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் பிரெட்டும் சாலமன் ஸ்னைடரும் அதைத் தயாரிக்கும் நொதியை மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

செய்முறை எளிது. நரம்பணுவைக் குளுட்டமேட் தொடுகிறது. உள்ளே கால்சியம் நுழைகிறது. கால்சியம் அந்த நொதியை எழுப்புகிறது. நொதி, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைப் பிய்த்தெடுக்கிறது. இதன் பிறகு நடப்பதுதான் விசித்திரம். மற்றத் தூதுப்பொருள்களைச் செல் பைகளில் கட்டிவைக்கும், வேண்டும்போது அவிழ்க்கும், எதிரே வாங்கிக்கொள்ளக் குறித்த இடம் இருக்கும், வேலை முடிந்தால் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு அந்த மரியாதை எதுவும் இல்லை. வாயுவைப் பையில் கட்ட முடியாது. செல்லின் சுவர் அதற்குச் சுவரே அல்ல. பிறந்த இடத்திலிருந்து எல்லாத் திசையிலும் பரவும். அருகில் நாளத்தின் மென்தசை இருந்தால் அதற்குள் புகுந்து இன்னொரு நொதியைத் தட்டும். அந்த நொதி சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருளைப் பெருக்கும், தசை தளரும், நாளம் விரியும். சில நொடிகளில் வாயு காலி. தலைமயிரின் தடிமனைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் வேறெதோடாவது சேர்ந்து அழிந்திருக்கும். முகவரி இல்லை, சேமிப்பு இல்லை, ஆயுளும் இல்லை. இப்படிப்பட்ட ஒன்றால் குறித்த ஒரு வேலையைச் செய்ய முடிகிறது என்றால், அது எங்கே பிறக்கிறது, எவ்வளவு சீக்கிரம் சாகிறது என்ற இரண்டினால் மட்டுமே.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதும் இந்த இரண்டையும்தான்.

நாளத்தைத் தளர்த்துவது இது ஒன்று மட்டுமல்ல. சிறுமூளையில் இது இல்லாமல் வேலை நடக்காது. பெருமூளைப் புறணியில் மற்றவற்றோடு சேர்ந்து நடத்துகிறது. பொட்டாசியம் அயனி, அடினோசின், நட்சத்திர வடிவத் துணைச் செல்கள் விடும் கொழுப்புப் பொருள்கள் என்று உடன் வேலைசெய்வோர் பலர். இருந்தாலும், அதுவரை நடந்த விலங்குச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டின் ஓர் அலசலில், நரம்பணுவின் நைட்ரிக் ஆக்சைடு நொதியைத் தடுத்தபோதுதான் ரத்த ஓட்ட எழுச்சி மிக அதிகமாக, மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு, குறைந்திருந்தது. நாளத்தின் உள்வரிச் செல்களும் தங்கள் பங்குக்கு ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாக இதை விட்டுக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் மூளையின் தமனிகள் எப்போதும் சற்று நெகிழ்ந்தே இருக்கின்றன. அந்த நெகிழ்ச்சி ஓய்வு அல்ல. ஒவ்வொரு கணமும் புதிதாகத் தயாரித்து ஊட்டப்படுவது. நிறுத்தினால் நாளம் சுருங்கிவிடும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்தபோது பார்த்தேன். மூளைத் தமனியில் குமிழ்போல் வீங்கியிருந்த இடம் வெடித்து, மூளையைச் சுற்றியுள்ள நீரில் ரத்தம் கசிந்துவிட்டது. அறுவை சிகிச்சையில் அந்த இடத்துக்கு கிளிப் போட்டு அடைத்துவிட்டார்கள். அவள் கண் விழித்துப் பேசவும் செய்தாள். மருத்துவர் வெளியே வந்து, “ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சு சார். ரெண்டு வாரம் தாண்டட்டும், அப்புறம் நிம்மதியா இருக்கலாம்” என்றார்.

“ரத்தம்தான் நின்னுடுச்சே டாக்டர், இனிமே என்ன?” என்று அவள் கணவர் கேட்டார்.

“கசிஞ்ச ரத்தம் உள்ளதானே சார் இருக்கு. அது சும்மா இருக்காது.”

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிமோடிபின் மாத்திரை. இரவு இரண்டு மணிக்கும் எழுப்பிக் கொடுத்தார்கள். தினமும் ஒரு பெண் வந்து நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி டாப்ளர் கருவியை வைப்பார். மண்டையோடு அங்கேதான் மெல்லிசு. சிறிய பெட்டியிலிருந்து 'உஷ்... உஷ்...' என்று ரத்தம் ஓடும் ஓசை வரும். நாளம் குறுகினால் ரத்தம் அதற்குள் வேகமாகப் பாயும், ஓசையும் சன்னமாகி ஏறும். இரண்டாம் வாரத்தில் அந்த ஓசை ஏறியதை நாங்களே கேட்டோம்; அவளுடைய இடது கை ஒரு நாள் முழுவதும் சொன்னபடி கேட்கவில்லை. பிறகு மீண்டுவிட்டாள்.

ரத்தம் ஏன் சும்மா இருப்பதில்லை? சிவப்பணு தன் உறைக்குள் இருக்கும்வரை அதன் ஹீமோகுளோபின் கட்டுப்பட்டிருக்கும். கசிந்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் சில நாளில் உடைகின்றன. வெளியேறிய ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடைக் கண்ட இடத்தில் பிடித்து நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது. தமனியை வெளிப்பக்கமிருந்து நனைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து வரும் தளர்ச்சியை அது விழுங்கிவிடுகிறது. தமனி இறுக வேறு காரணங்களும் உண்டு. எண்டோதீலின் என்ற இறுக்கும் பொருளும் அவற்றில் ஒன்று. ஆனால் வெடித்த அன்று வராத ஆபத்து நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வருவதன் கணக்கு, சிவப்பணு உடையும் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஃபர்ச்காட்டின் காலத்திலேயே, உள்வரிச் செல்கள் விடுவது நைட்ரிக் ஆக்சைடுதான் என்ற சந்தேகத்தை வலுப்படுத்திய தடயங்களில் ஒன்று, ஹீமோகுளோபின் சேர்த்தால் தமனி தளர மறுக்கிறது என்பது. உடம்புக்குள் உயிரைத் தாங்கி ஓடும் அதே சிவப்புப் பொருள், இருக்க வேண்டிய பாத்திரத்துக்கு வெளியே வந்துவிட்டால் மூளைக்கு வரும் ரத்தத்தையே நிறுத்தப் பார்க்கிறது.

அப்படியானால் குறைகிற இடத்தில் ஊற்றிவிட வேண்டியதுதானே? எல்லோருக்கும் தோன்றும் யோசனை. மருத்துவத்துக்கும் தோன்றியது. பக்கவாதம் வந்தவர்களின் தோலில் நைட்ரோகிளிசரின் பட்டையை ஒட்டிப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் குறையும், மூளை நாளங்கள் விரியும், பிழைக்கிற மூளையைக் காப்பாற்றலாம் என்பது கணக்கு. 4,011 நோயாளிகளை வைத்து நடந்து 2014இல் முடிவு வெளியான சோதனையில் ரத்த அழுத்தம் குறையத்தான் செய்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பட்டை ஒட்டியவர்களும் ஒட்டாதவர்களும் ஒரே நிலையில் இருந்தார்கள். இன்னும் சீக்கிரம் கொடுத்திருந்தால் என்று பிரிட்டனில் ஆம்புலன்ஸிலேயே ஒட்டினார்கள். 2019இல் வந்த முடிவும் அதுவே. நெதர்லாந்தில் இதேபோன்ற சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, மூளையில் ரத்தம் கசிந்தவர்களுக்குக் கெடுதல் செய்கிறதோ என்ற அச்சத்தால். எல்லா மடையையும் ஒன்றாகத் திறந்தால் ஏரியின் மட்டம்தான் இறங்கும். காய்கிற வயலுக்கு அதில் தனிப் பங்கு வராது.

இதைவிடத் துல்லியமாகச் சொன்னவை எலிகள். 1994இல் பாஸ்டனில் பால் ஹுவாங்கும் மைக்கேல் மாஸ்கோவிட்ஸும் நரம்பணுவின் நைட்ரிக் ஆக்சைடு நொதி இல்லாமல் பிறக்கவைத்த எலிகளில் மூளைத் தமனியை அடைத்துப் பார்த்தார்கள். மூளைச் சேதம் குறைவாக இருந்தது. இரண்டாண்டு கழித்து, நாள உள்வரியின் நொதி இல்லாத எலிகளில் அதே சோதனையைச் செய்தார்கள். சேதம் அதிகமாக இருந்தது. அணுவுக்கு அணு ஒரே வாயு. பக்கவாதம் தாக்கும்போது நாளத்தின் சுவரில் பிறந்தால் காக்கிறது. மூச்சுத் திணறும் நரம்பணுவுக்குள் கட்டுக்கடங்காமல் பிறந்தால், அங்கே மிஞ்சிக் கிடக்கும் சூப்பராக்சைடோடு கூடிப் பெராக்சிநைட்ரைட் என்ற நஞ்சாகிச் செல்லை அரிக்கிறது. வெளியிலிருந்து அனுப்பும் பட்டைக்கு இந்த இரண்டு இடத்துக்கும் வேறுபாடு தெரியாது. நல்லது, கெட்டது என்று ஒரு மூலக்கூறுக்கு நடத்தைச் சான்றிதழ் கொடுக்கும் பழக்கத்தை இந்த எலிகள் எனக்கு விடவைத்துவிட்டன.

தலைவலியின் கணக்கும் நினைத்ததைவிடச் சிக்கலானது. டென்மார்க்கில் யெஸ் ஓலெசெனும் கூட்டாளிகளும் நைட்ரோகிளிசரினைச் சிரை வழியாக ஏற்றித் தலைவலியை வரவழைத்து ஆராய்ந்தார்கள். ஏற்றும்போது ஏறத்தாழ எல்லோருக்கும் லேசாக வலிக்கிறது. அது நாளம் விரிவதன் வலி. ஆனால் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு மட்டும், மருந்து உடம்பை விட்டுப் போய், நாளமும் பழைய நிலைக்குத் திரும்பிப் பல மணி நேரம் கழித்து, உண்மையான ஒற்றைத் தலைவலி அத்தனை வாந்தி, கண்கூச்சத்தோடும் வந்து இறங்குகிறது. நாளம் விரிவதால் ஒற்றைத் தலைவலி வருகிறது என்று பாடப்புத்தகங்கள் ஒரு தலைமுறை முழுக்கச் சொன்னது இங்கே நொண்டுகிறது. வாயு வந்து ஏதோ ஒரு வாசலைத் திறந்துவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகு நடப்பது நரம்புகளின் வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் வாட்ஸப்பில் நைட்ரிக் ஆக்சைடு தினம் ஒரு அவதாரம் எடுத்து வருகிறது. மூக்கால் ரீங்கரித்தால் மூளைக்கு ரத்தம் பாயும் என்பது அதில் ஒன்று. ரீங்காரத்தில் மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு பதினைந்து மடங்கு கூடுகிறது என்பது உண்மை. ஸ்வீடனில் வைட்ஸ்பெர்கும் லுண்ட்பெர்கும் 2002இல் அளந்தது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் தேங்கிய வாயு அதிர்வால் வெளியேறுகிறது, அவ்வளவே. அது நுரையீரல்வரை போகும். ரத்தத்தில் கலந்த மாத்திரத்தில் ஹீமோகுளோபின் அதன் கதையை முடித்துவிடும். மூளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை. இப்படி ரீங்கரிக்கும் பிராமரி மூச்சுப்பயிற்சி செய்கிறவர்களுக்கு அது தரும் நிம்மதியை நான் மறுக்கவில்லை. அந்த நிம்மதிக்கு இந்த வாயுவின் சிபாரிசு தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். பீட்ரூட்டும் கீரையும் கொஞ்சம் கூடுதல் தகுதி உடையவை. அவற்றின் நைட்ரேட்டை நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கித் தருகின்றன. ஆக்சிஜன் குறைந்த இடங்களில் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறும். தேவையுள்ள இடத்தில் மட்டும் பிறக்கிறது என்பதால் இந்த வழி எனக்கு மற்றதைவிட நியாயமாகப் படுகிறது. கிருமிநாசினி போட்டு வாய் கொப்பளித்தால் அந்தப் பாக்டீரியாக்களும் போய், கீரை தின்ற பலனில் ஒரு பகுதியும் போகிறது.

கூட்டுவதைவிடக் குறைப்பது நமக்குச் சுலபமாக வருகிறது. 2018இல் நியூயார்க்கில் கோஸ்தாந்தினோ யாதெகோலாவின் குழு எலிகளுக்கு வழக்கத்தைவிட 8 முதல் 16 மடங்கு உப்புள்ள தீனி போட்டது. சில வாரங்களில் மூளை நாளங்களின் உள்வரியில் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பது குறைந்தது. ரத்த ஓட்டம் குறைந்தது. பழகிய பொருளையும் புதிய பொருளையும் பிரித்தறிய எலிகள் தடுமாறின, கூடு கட்டுவதிலும் சொதப்பின. ரத்த அழுத்தம் ஏறியதால் அல்ல. உப்பு குடலில் ஒருவகை நோயெதிர்ப்பு அணுக்களைப் பெருக்கியது; அவை ரத்தத்தில் விட்ட பொருள் மூளை நாளத்தில் போய் நொதியை அடக்கியது. சாதாரணத் தீனிக்குத் திருப்பியதும் எலிகள் தேறின. எலிக்குப் போட்ட அளவை நம் இலையோடு ஒப்பிட முடியாது என்பதும் உண்மை. ஆனாலும் அதைப் படித்த வாரத்தில் ஊறுகாய் ஜாடியை நான் சற்று விலக்கி வைத்தேன்.

எனக்கு இப்போது அதிகம் உறுத்துவது நாளிதழ்களில் வரும் அந்த வண்ண மூளைப் படங்கள். 1990இல் செய்ஜி ஒகாவா காட்டிய வழியில் எடுக்கப்படுபவை. சிவப்பாகவும் மஞ்சளாகவும் 'ஒளிரும்' இடத்தில் நாம் பார்ப்பது எண்ணத்தை அல்ல. நரம்பணுக்கள் பேசிய சில நொடி கழித்து, செலவுக்கு மிஞ்சி அங்கே வந்து சேர்ந்த புது ரத்தத்தின் ஆக்சிஜனை. செலவும் வரவும் சமமாக இருந்தால் அப்படி ஒரு படமே கிடைக்காது. அந்த மிகையை வரவழைப்பதில் பெரிய கை இந்த வாயுவுடையது. வயதாக ஆக, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏற ஏற, உள்வரிச் செல்களின் சுரப்பு தளர்ந்து நாளங்கள் சொல்பேச்சுக் கேட்பதில் மந்தமாகின்றன. நரம்பணுக்கள் முன்போலவே பேசிக்கொண்டிருந்தாலும் படத்தில் நிறம் மங்கும். அதனால் சில ஆய்வகங்களில், முதியவரைக் கருவிக்குள் படுக்கவைத்துக் கேள்வி கேட்பதற்கு முன், கரியமில வாயு சற்றுக் கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து அவருடைய நாளங்கள் எவ்வளவு விரிகின்றன என்று தனியாக அளந்துகொள்கிறார்கள். அப்படி அளக்காத படத்தை வைத்துக்கொண்டு, எழுபது வயதில் யோசனை குறைந்துவிடுகிறது என்று தலைப்புப் போடுகிறவர்களுக்குக் குறைந்தது யோசனையா ரத்தமா என்று கேட்கத் தோன்றுவதில்லை.